காலிப் பக்கத்தில் காத்திருந்தவர்கள்

அத்தியாயம் 11

போன வாரம் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வீட்டில் ஓர் அம்மா இருந்தாள், இப்போது இல்லை. நர்சாக வேலை பார்த்தவள். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டிலேயே எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஓர் இணையதளத்தில் எழுதிவந்தாள். கடைசியில் அவளே படுத்தாள். தூர தேசத்தில் வேலையிலிருந்த பெரிய மகள், அடுத்த வாரம் வருகிறேன், அதற்கடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு அத்தனை வாரம் இருக்கவில்லை. "இனிமே வந்து யாரைப் பார்க்கப்போற? வராதே" என்று அப்பா போனில் சொன்னார். அவள் வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை.

மிச்சமிருப்பது மூன்று பேர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தரும் மகன். அப்புறம் சின்னவள். 'பொடி' என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், அவளுக்கு முப்பது வயதை நெருங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கே இல்லை.

"ரெண்டாயிரத்து நூறு பேர்!" என்று அன்று காலையில் அப்பா சாப்பாட்டு மேஜையிலிருந்து அறிவித்தார்.

மேஜையின் ஒரு மூலை அவருடைய கம்ப்யூட்டருக்கு. தினமும் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டுதான் அதன் முன்னால் உட்காருவார். நேற்று அம்மாவின் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பார். சத்தமாகச் சொல்வார். அதற்குப் பிறகுதான் காபி.

மனைவி போன புதிதில் இந்த மனிதர் நாள் முழுக்கப் பனியனோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது அந்த எண்ணிக்கைதான்.

"அந்தக் காலிப் பக்கத்துக்கு மட்டும் நானூறு பேர், பொடி. காத்திருக்காங்க பாரு!"

அந்தப் பக்கத்துக்கு அம்மா வைத்த தலைப்பு: 'கடைசி நாட்களில் என்ன பேசுவது?' அதன் கீழே இவ்வளவுதான் இருக்கிறது: 'இதைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும். விரைவில் எழுதுகிறேன்.' எழுதுவதற்குள் அவளுக்கே கடைசி நாட்கள் வந்துவிட்டன.

நானூறு பேர் தினமும் வந்து நிற்கிறார்களே, அவர்களை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை என்று அப்பாவே அதை எழுத ஆரம்பித்திருந்தார். வாழ்நாளில் 'பழுது நீக்கப்பட்டது' என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் எழுதியறியாதவர். ஒரு வரி எழுதினால் இரண்டு வரியை அழிப்பார். ஆனாலும் விடவில்லை.

"ஒரு பெரிய கம்பெனிக்குக் கடிதம் போட்டிருக்கேன். நான் எழுதி முடிச்சதும் அந்தப் பக்கத்துக்கு அவங்க சைட்லேர்ந்து ஒரு லிங்க் குடுங்க, பதிலுக்கு நான் உங்களுக்கு ஒண்ணு குடுக்கறேன்னு. இன்னைக்குப் பதில் வரும்."

"நல்லது அப்பா" என்றாள் சின்னவள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. எந்தக் கம்பெனி என்று அவள் கேட்கவில்லை.

சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்த அண்ணன், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

சின்னவளின் பிழைப்பு என்னவென்று நான் இதுவரை விவரமாகச் சொல்லவில்லை. இன்று சொல்லியாக வேண்டும்.

ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு லிங்க் கொடுப்பது, நமக்குத் தெரிந்த ஒருவர் "அவர்கிட்ட போங்க, நல்லா செய்வார்" என்று கை காட்டுவது மாதிரி. கை காட்டுகிறவர் பெரிய மனிதராக இருந்தால் நமக்கும் மதிப்பு. இணையத்தில் தேடும்போது நம் பெயர் மேலே வரும். அதனால் லிங்க்கை விலைக்கு வாங்குகிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள். எந்தத் தளம் எவ்வளவு பெரிய மனிதர் என்று ஸ்கோர் போட்டுச் சொல்வதற்குச் சில கருவிகள் உண்டு. ஸ்கோர் என்று ஒன்று வந்துவிட்டால் போலி ஸ்கோர் வராமல் இருக்குமா? வந்துவிட்டது. அந்தப் போலிகளைப் பிடிப்பதுதான் சின்னவளின் வேலை.

ஊரார் பொய்யையெல்லாம் பிடிக்கிற பெண், வீட்டு மேஜையில் இருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. அம்மா போன பிறகு அந்தத் தளத்தை அவள் திறக்கவே இல்லை. அந்த எழுத்தைப் பார்த்தால் அம்மாவின் குரல் காதில் கேட்டது, அது அவளால் தாங்க முடியவில்லை. அப்பா சிரிக்கிறார், சாப்பிடுகிறார், அது போதும் என்று இருந்துவிட்டாள்.

அவள் அலுவலகம் ஒரு மாடி அறை. நான்கு மேஜை, ஒரு ஏசி, அது யார் தலையில் அடிப்பது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து.

அங்கே மேடம் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சோதிக்கும் தளத்தின் பெயரை முதலில் பார்க்கக் கூடாது. பெயரைப் பார்த்தால் மனசு சாய்ந்துவிடும். அதனால் திரையில் பெயர் வரும் இடத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு. எண்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம்தான் சீட்டைப் பிய்க்க வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அந்தச் சீட்டு அவர்களைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

"இது அந்தக் கட்டில் கம்பெனிக்கு" என்று மேடம் ஒரு கோப்பை அனுப்பினார். நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி விற்கும் பெரிய நிறுவனம். "யாரோ லிங்க் மாத்திக்கலாமான்னு கேட்டிருக்காங்க. வருகைக் கணக்கைப் பார்க்க முழு அனுமதியும் குடுத்திருக்கார் அந்த மனுஷன். பாவம், ரொம்ப நம்பிக்கையா எழுதியிருக்கார். சாயங்காலத்துக்குள்ள முடிவு வேணும்."

சின்னவள் சீட்டை ஒட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

ஸ்கோர் அறுபதுக்கு மேல். பிரமாதம். ஆனால் அந்த ஸ்கோரைக் கொடுத்த லிங்க்குகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், சூதாட்டம், தலைமுடி எண்ணெய், கைவிடப்பட்ட தளங்கள், எல்லாமே ஒரே வாக்கியத்தில், எல்லாமே ஒரே மாதத்தில். ஆயிரம் பேர் ஒரே நாளில் ஒருவரைப் புகழ்ந்தால் அது புகழ்ச்சியில்லை, கூலி.

அடுத்து, மக்கள் எதைத் தேடி இங்கே வருகிறார்கள் என்று பார்த்தாள். அனேகமாக எதையுமே தேடி வரவில்லை. தேடல் வழியாக வருவது விரல்விட்டு எண்ணும் அளவு. ஆனால் தினமும் இரண்டாயிரம் பேர் கூரையைப் பிய்த்துக்கொண்டு குதிக்கிறார்கள். ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். எல்லோருடைய போன் திரையும் ஒரே அளவு. யாரும் இன்னொரு பக்கத்தைத் தொடவில்லை.

"இங்க பாரு கூத்தை" என்று பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரனைக் கூப்பிட்டாள். "நீளமான பக்கமா இருந்தாலும் நாலு நிமிஷம், சின்னப் பக்கமா இருந்தாலும் நாலு நிமிஷம். இந்தப் பக்கத்துல மொத்தமே ஏழு வார்த்தைதான் இருக்கு. அதையும் நாலு நிமிஷம் படிக்கறாங்க!"

"எழுத்துக் கூட்டிப் படிப்பாங்களோ என்னவோ" என்றான் கண்ணாடிக்காரன்.

"நானூறு பேர், தினமும்" என்று அவள் சிரித்தாள்.

சிரிப்பு அவள் வாயிலேயே நின்றுவிட்டது. நானூறு பேர். ஏழு வார்த்தை. அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இதைப், பற்றி, நிதானமாக, எழுத, வேண்டும், விரைவில், எழுதுகிறேன்.

மஞ்சள் சீட்டைப் பிய்க்க அவளுக்குக் கை வரவில்லை. பிய்த்தாள். அம்மாவின் தளம்.

"என்ன, தெரிஞ்ச சைட்டா?" என்று கண்ணாடிக்காரன் கேட்டபோது அவள் எழுந்து வெளியே போனாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா செத்ததற்கு அழுதது ஒரு அழுகை, இது வேறு.

யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. காலையில் இருமுறை கழுவப்பட்ட டம்ளர் ஞாபகம் வந்தது.

டிரைவிங் ஸ்கூலின் பயிற்சி மைதானத்தில் அண்ணன் ஒரு டீச்சரம்மாவுக்குப் பின்பக்கமாக வண்டியெடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்கள் இடித்துவிடாமல் இருக்க இவன் கால் எப்போதும் அதன் மேல் இருக்கும். பழக்க தோஷத்தில் வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டான் போலிருக்கிறது.

தங்கையைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"அம்மா சைட்டுக்கு ஆள் விலைக்கு வாங்கினியா?"

அவன் அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்த பிளாஸ்டிக் கூம்பை நிமிர்த்தி வைத்தான். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே பிடிச்சேன். அப்பா கடிதம் போட்ட கம்பெனி எங்க ஆபீசுக்குத்தான் அனுப்பியிருக்கு. என் மேஜைக்கே வந்துடுச்சு."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"மொதல்ல நீ சொல்லு. ஏன்?"

"அவர் எப்படி இருந்தார்னு நீ பார்க்கலையா, பொடி? பல்லு கூட விளக்காம உக்காந்திருப்பார். ஒரு நாள் கம்ப்யூட்டரைத் திறந்து குடுத்தேன். நாற்பது பேர்னு காட்டிச்சு. மொத நாளைவிட அஞ்சு பேர் கூட. 'அஞ்சு பேர் புதுசா வந்திருக்காங்கடா, உங்கம்மாவைத் தேடி'ன்னு சொல்லிச் சிரிச்சார். அம்மா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சார். எனக்கு வேற என்ன தெரியும்? எங்க ஓனர் ஸ்கூல் சைட்டுக்கு ஒருத்தன்கிட்ட வாங்கறார். நானும் வாங்கினேன். ஸ்கோரையும் ஏத்தித் தரேன், அது இலவசம்னு சொன்னான்."

"அந்த இலவசம்தான் கெடுத்துது."

"என்ன கெடுத்துது?"

சின்னவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த நாற்பது பேர் நிஜமான ஆளுங்க. வீட்ல யாரோ படுத்திருப்பாங்க, எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கறதுன்னு தெரியாம தேடியிருப்பாங்க. அம்மா பக்கம் மேலேயே வரும். இப்போ நீ வாங்கின குப்பை லிங்க்கையெல்லாம் பார்த்து, இது மோசடி சைட்டுன்னு தேடல் கம்பெனிக்காரங்க கீழே தள்ளிட்டாங்க. தேடினா வர்றதே இல்லை. அந்த நாற்பது பேரும் போயிட்டாங்க அண்ணா. அம்மாவைத் தேடி வந்தவங்களை நாமளே வாசல்லேர்ந்து திருப்பி அனுப்பிட்டோம்."

அவன் மைதானத்து விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இவன் மேல் எனக்குக் கோபம் வருகிறது, உங்களுக்கும் வரும். ஆனால் அவன் உட்கார்ந்த விதத்தைப் பார்த்திருந்தால் யாரும் வாய் திறந்து திட்டியிருக்க மாட்டார்கள்.

தூரத்தில் டீச்சரம்மா, "சார், நான் எஞ்சினை ஆஃப் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். அவன் கையை மட்டும் ஆட்டினான்.

"சரின்னு எழுதிடு, பொடி" என்றான். "ஒரு தடவை. அவருக்காக."

"எழுதினா அந்தக் கம்பெனியும் மாட்டும். என்னிக்காவது ஒருத்தர் கண்டுபிடிப்பாங்க. அப்போ ஏமாத்தினவர்னு அப்பா பேர்தான் வரும்."

"வேண்டாம்னு எழுதினாலும் அவருக்குத் தெரிஞ்சுடுமே!"

"ஆமா. காரணத்தையும் போட்டுத்தான் அனுப்புவாங்க."

"அப்போ அவர் மறுபடி அந்தச் சுவரைப் பார்க்க ஆரம்பிச்சுடுவார்" என்றான் அண்ணன். இரண்டு பேருக்கும் அந்தச் சுவர் கண் முன்னால் வந்தது.

சின்னவள் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, தீர்ப்புக் கட்டத்தில் 'போலி. வேண்டாம்' என்று எழுதினாள். மேடமிடம் போய் நின்றாள்.

"இது எங்கம்மா சைட், மேடம். கடிதம் எழுதினது எங்கப்பா. அவருக்கு எதுவும் தெரியாது."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். கறாரான பெண்மணிதான். ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்காக மாத்தச் சொல்லல, மேடம். அந்தக் கடிதத்தை அவர் தனியா உக்காந்து படிக்கக் கூடாது. நான் முன்னாடியே போய்ச் சொல்லணும்."

"ஆபீஸ் மூடறப்போதான் கடிதம் போகும்" என்றார் மேடம். "இப்பவே கிளம்பு."

வீட்டில் அப்பா மேஜைக்கு முன்னால்தான் இருந்தார். மகளைச் சீக்கிரமே பார்த்ததில் ஏக சந்தோஷம்.

"நல்ல நேரத்துக்கு வந்தே! அனேகமா முடிச்சுட்டேன். உக்காரு, படிக்கறேன். தப்பிருந்தா சொல்லு."

"அப்பா, ஒரு விஷயம்..."

"இதைக் கேட்டுட்டுச் சொல்லு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிக்கும் குரலில் படித்தார்.

"'முதலில் கையைப் பிடித்துக்கொள்ளவும். பிறகு பேசவும். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே நடப்பதைச் சொல்லவும். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைக்கிறார் என்பது போதும். வலிக்கிறதா என்று அடிக்கடி கேட்க வேண்டாம், வலிக்கும். பழைய சண்டையைச் சிரித்துக்கொண்டே நினைவுபடுத்தலாம். தூங்குகிறார்கள் என்று நினைத்து அறையில் வேறு யாரிடமும் ரகசியம் பேச வேண்டாம், காது கேட்கும். அவர்கள் யாரையாவது கேட்டால்...'"

அங்கே நிறுத்திவிட்டார்.

"கேட்டா?" என்றாள் சின்னவள்.

"அங்கதான் நிக்குது. நாலு நாளா அந்த இடத்துல முட்டிக்கிட்டு நிக்குது. எழுதிடுவேன். நானூறு பேருக்குப் பதில் சொல்லணுமே!"

இனி தாமதிக்க முடியாது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் எழுதியிருந்தபடியேதான்.

"அப்பா, அந்த நானூறு பேர் இல்லப்பா. ரெண்டாயிரம் பேரும் இல்லை. யாரும் வரல."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வருகையை விலைக்கு விற்பார்கள் என்பதை, அது ஆளே இல்லை, வெறும் இயந்திரம் என்பதை, கம்பெனியின் கடிதம் தன் மேஜைக்கு வந்ததை. நடுவில் ஒருமுறை அவர் திரையை எட்டிப் பார்த்தார். அங்கே இன்றைய எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

"ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கோளாறு" என்றார் அப்பா. "தானா மாடி மாடியா போய் நிக்கும். கதவு திறக்கும், கொஞ்ச நேரம் காத்திருக்கும், மூடும். உள்ளே ஆளே இருக்காது. அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்ப்பா."

"நான் தினமும் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்தேனே!" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"யார் செஞ்சது?"

வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் அண்ணன் நின்றிருந்தான். அவன் நின்ற நிலையே பதில் சொல்லிவிட்டது.

"நான்தான்ப்பா" என்றான். "நீங்க சாப்பிடணும்னு செஞ்சேன்."

அடி விழும், அல்லது போனில் பெரியவளிடம் சொன்ன மாதிரி ஒரு சொல் விழும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அப்பா கையால் மேஜையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவ கடைசி நாள் மத்தியானம் கேட்டா" என்றார். "'பெரியவ கிளம்பிட்டாளா?'ன்னு. கிளம்பலைன்னு எனக்குத் தெரியும். ஆனா 'கிளம்பிட்டா, வந்துட்டே இருக்கா'ன்னு சொன்னேன். அவ கதவைப் பார்த்துக்கிட்டே இருந்தா. சிரிச்ச முகமா இருந்தா. சாயங்காலம் போயிட்டா."

பிள்ளைகள் இருவருக்கும் இது புதிது. அன்று மத்தியானம் மருந்துக்கடைக்கு ஒருவரும் டாக்டரைக் கூப்பிட ஒருவரும் ஓடியிருந்தார்கள்.

"அவளை ஏமாத்தி அனுப்பிட்டேன். என்னைப் பொய் சொல்ல வச்சுட்டாளேன்னு பெரியவ மேல கோபம். அதான் வராதேன்னு சொன்னேன்." மகனை நிமிர்ந்து பார்த்தார். "உன்னை நான் என்னடா கேக்கறது? நானும் அதைத்தானே செஞ்சேன். வா, உள்ளே வா. அதை நிறுத்து."

அண்ணன் போனை எடுத்து, ஆள் அனுப்புகிறவனின் கணக்கைத் திறந்து, நிறுத்தினான். திரையில் இப்போது தளத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் கட்டத்தில் எண் குறைந்துகொண்டே வந்தது. முப்பது, பதினெட்டு, ஏழு. பிறகு பூஜ்யம். அந்த வீட்டில் அந்த எண்ணை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"மொத்தமும் பொய்தானா?" என்று கேட்டார் அப்பா. "ஒருத்தர் கூடவா?"

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது, சல்லடை போட்டுச் சலிக்கத் தெரியும். கணக்கிலிருந்து அந்த வீட்டுக் கம்ப்யூட்டரை நீக்கினாள். ஒரே திரை அளவு உள்ளவர்களை நீக்கினாள். சரியாக நாலு நிமிஷம் நின்றவர்களை நீக்கினாள். எதையும் தொடாதவர்களை நீக்கினாள். ஆயிரக்கணக்கான வரிகள் உதிர்ந்தன. எப்போதாவது தவறி வந்த சிலபேர் மிஞ்சினார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு போன், திரும்பத் திரும்ப.

அவள் இன்னும் குனிந்து பார்த்தாள். இது நிஜ ஆள். சில நாள் அரை நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். சில வாரம் வரவே இல்லை. மேலே போகிறது, கீழே வருகிறது, வேறு பக்கத்துக்குப் போய்விட்டு மறுபடி அதே காலிப் பக்கத்துக்கு வருகிறது. அனேகமாக நம் சாயங்கால வேளை. அம்மா போன மறுவாரம் ஆரம்பித்திருக்கிறது.

"எந்த ஊர்?" என்றான் அண்ணன்.

அவள் சொன்னாள். பெரியவள் வேலை பார்க்கும் ஊர்.

"அவளாத்தான் இருக்கணும்னு இல்லப்பா" என்றாள் அவசரமாக. ஒரு பொய்யை இறக்கி வைத்த கையோடு இன்னொன்றை ஏற்ற அவளுக்கு மனமில்லை. "அந்த ஊர்ல எத்தனையோ பேர் இருப்பாங்க. போனை வச்சு யாருன்னு சொல்ல முடியாது."

"தெரியும்" என்றார் அப்பா. "கடைசி நாள்ல என்ன பேசறதுன்னு கேட்டு ஒருத்தர் வந்து நிக்கறாங்க. அது போதும்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒற்றை விரலால்தான் அடிப்பார். இந்தத் தடவை எதையும் அழிக்கவில்லை. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் கம்பெனியின் கடிதம் வந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் அதைத் திறக்கவில்லை. அடித்து முடித்ததும் மகளைப் பார்த்து, "எப்படிம்மா வெளியிடறது?" என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் அழுத்தினார்.

அம்மாவின் ஏழு வார்த்தைகள் மேலே அப்படியே இருந்தன. அதன் கீழே அப்பாவின் எழுத்து. கடைசிப் பத்தி இது:

'அவர்கள் யாரையாவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் மனைவி எங்கள் பெரிய மகளைக் கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். பிறகு அந்த மகளை வராதே என்று சொன்னதும் நான்தான். அது தப்பு. இப்போது யார் கேட்டாலும், வந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் சொல்கிறேன்.'

மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணன் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தான். யாரும் தொடவில்லை. எண்ணிக்கை பூஜ்யத்திலேயே இருந்தது. வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"இன்னைக்கு வர மாட்டாங்களா இருக்கும்ப்பா" என்றாள் சின்னவள்.

"இருக்கட்டும். கொஞ்சம் பார்ப்போம்."

அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பூஜ்யம் ஒன்றாக மாறியது.

அதே போன். அதே ஊர். நேராக அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தது. இதுவரை ஏழு வார்த்தைகளோடு முடிந்த பக்கம் இன்று முடியவில்லை என்பது அங்கே இருக்கும் ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகக் கீழே நகர்ந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் நகரவே இல்லை.

"படிச்சுட்டாளா?" என்று கிசுகிசுத்தார் அப்பா, சத்தமாகப் பேசினால் அந்த ஒன்று கலைந்துவிடும் என்பதைப் போல.

"தெரியலப்பா. இன்னும் போகல. அது மட்டும்தான் தெரியுது."

நாலு நிமிஷம் தாண்டிவிட்டது.